அமைதி வியாபாரமும் கம்யூன் உரிமையும்

உல்லாசப் பிரயாணிகளின் கூட்டத்தால் புதுச்சேரி நகரம் திணறி வருகிறது என்பதை நாம் விவரித்துக் கூற வேண்டியதில்லை. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்திறங்கும் மோட்டார்களுக்குப் பழைய பிரெஞ்சு வீதிகளில் நிற்க இடமில்லை. கடற்கரையைப் பார்த்தாயிற்று, மஞ்சள் வர்ணச் சுவர்களின் முன் நின்று போட்டோ எடுத்தாயிற்று, மலிவான மதுவையும் ருசி பார்த்தாயிற்று, இனி என்ன என்று வந்தவர்கள் கேட்கும் காலம் வந்திருக்கிறது. இக்கேள்விக்கு விடை தேடும் பிரயாண வியாபாரிகளும் சர்க்கார் இலாகாக்களும் இப்பொழுது கிராமங்களின் பக்கம் கண்ணைத் திருப்பியிருக்கின்றனர். வயலும் ஏரியும் கோயிலும் தோப்பும் நிறைந்த வில்லியனூர், பாகூர் கம்யூன்கள் இந்தப் பார்வையினின்று நெடுநாள் தப்பியிருக்க இயலாது.

கிராமத்துக்கு அழைக்கப்படும் பிரயாணிக்கு வாக்களிக்கப்படும் சரக்கு மிக நூதனமானது. அவனுக்கு மன அமைதி கிடைக்குமாம், மனம் ஒருமைப்படுமாம், உடல் நலம் பெறுமாம், இவையெல்லாம் கிராமத்தின் பண்பாட்டைக் கெடுக்காமலும், நீர் நிலங்களைப் பாழாக்காமலும் நடைபெறுமாம். நோக்கத்தில் நாம் குறை காணவில்லை. ஐக்கிய நாடுகள் சபையார் 2017-ம் ஆண்டையே நிலைத்து நிற்கக்கூடிய சுற்றுப் பிரயாணத்துக்குரிய சர்வதேச ஆண்டாகக் கொண்டாடினார்கள். நகர வாழ்வில் நைந்துபோன மனிதன் இரண்டு நாள் ஏரிக்கரையில் உட்கார்ந்து தன் மூச்சைக் கவனித்துவிட்டுப் போவதால் உலகத்துக்கு யாதொரு கெடுதியும் இல்லை. ஆனால் அந்த ஏரிக்கரை யாருடையது? அங்கே அவன் காணும் அமைதியை உண்டாக்கியவர் யார்? அதற்கு விலை நிர்ணயிக்கும் உரிமை எவருக்கு உண்டு? இவற்றைக் கேளாமல் திட்டம் வகுக்கப்படுமாயின் அதனை நாம் ஆதரிக்க இயலாது.

மன விழிப்பு என்னும் இச்சரக்கின் பூர்வோத்தரத்தைச் சிறிது பார்ப்போம். 1979-ல் அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்னும் அறிஞர், தீராத வலியாலும் மனச் சுமையாலும் வருந்தும் நோயாளிகளுக்காக எட்டு வாரப் பயிற்சியொன்றை ஏற்படுத்தினார். அதன் வேர் பௌத்தர்களின் தியான முறையில் இருக்கிறது. பாலி பாஷையில் அதற்குச் 'சதி' என்று பெயர். வடமொழி 'ஸ்மிருதி'யின் திரிபு அது. (தமிழில் நாம் அன்றாடம் காணும் சதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எனினும் சில வியாபாரிகளின் விளம்பரங்களைப் படிக்குங்கால் சந்தேகம் எழவே செய்கிறது.) ஆசியாவினின்று கடல் கடந்து போன பொருள் அமெரிக்க ஆஸ்பத்திரியில் புதுப் பெயர் சூடி, இப்பொழுது ஹோட்டல் கட்டணப் பட்டியலில் ஏறி நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. பருத்தியை அனுப்பித் துணியை வாங்கிய பழைய கதையை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இதே தியான முறையை வியாபாரமாக்காமல் நடத்திக் காட்டியவர்களும் நம் தேசத்தில் உண்டு. பர்மாவில் பிறந்த ஸ்ரீ எஸ். என். கோயங்கா 1969-ல் இந்தியாவுக்கு வந்து விபஸ்ஸனா பயிற்சி அளித்தார். மகாராஷ்டிரத்தில் இகத்புரியில் 1976-ல் தியான நிலையம் ஏற்பட்டது. அங்கே பத்து நாள் தங்கிப் பயில்பவரிடம் கட்டணம் கேட்பதில்லை. பயிற்சியை முடித்தவர்கள் மனமுவந்து அளிக்கும் நன்கொடையைக் கொண்டே காரியம் நடைபெறுகிறது. புதுச்சேரியிலும் இதற்குப் பூமி பண்பட்டே இருக்கிறது. சித்தர்களின் சமாதிகள் நகரத்தைச் சுற்றிலும் பல உள்ளன. 1910-ல் வந்து சேர்ந்த ஸ்ரீ அரவிந்தர் இங்கேயே தங்கி யோகம் புரிந்தார். ஜனவரி 4 முதல் 7 வரை சர்க்கார் சார்பில் சர்வதேச யோகத் திருவிழா நடப்பதும் வழக்கமாகியிருக்கிறது. ஆகவே மனவமைதியைத் தேடி ஒருவர் புதுச்சேரிக்கு வருவதில் வியப்பொன்றும் இல்லை. வந்தவர் நகரத்தின் எல்லையைத் தாண்டிக் கிராமத்துள் காலடி வைக்கும்போதுதான் பிரச்னை தொடங்குகிறது. ஏனெனில் கிராமம் என்பது ஆசிரமம் அன்று. ஜனங்கள் குடியிருந்து பிழைக்கும் இடம்.

வில்லியனூரை எடுத்துக் கொள்வோம். நகரத்திலிருந்து மேற்கே சில மைல் தூரத்தில் உள்ள இவ்வூரின் நடுநாயகமாக விளங்குவது சோழர் காலத்துத் திருக்காமீசுவரர் ஆலயம். வைகாசி மாதத்தில் இங்கு நடைபெறும் தேரோட்டத்தில், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடிப்பது வழக்கம். அவ்வழக்கம் ஆட்சி மாறிய பின்னரும் விடாது, லெப்டினெண்ட் கவர்னர் வந்து வடம் பிடிப்பதாகத் தொடர்ந்து வந்திருக்கிறது. அன்னிய மதத்தைச் சேர்ந்த அதிகாரியும் இவ்வூரின் வீதியில் வந்து குடியானவனோடு ஒரே கயிற்றைப் பிடித்தான் என்பது சாமானிய விஷயம் அன்று. சற்றுத் தூரத்தில் லூர்து மாதா ஆலயமும், அதன் எதிரே திருக்குளமும் உள்ளன. கிறிஸ்தவர்களோடு ஹிந்துக்களும் அங்கே சென்று மெழுகுவர்த்தி ஏற்றுகின்றனர். சங்கராபரணி நதிக்கரையில் உள்ள திருக்காஞ்சிக்கு மாசி மகத்தன்று ஜனங்கள் திரள்வதையும், 2023-ல் அந்நதிக்குப் புஷ்கரணி விழா நடந்ததையும் அறிவோம். இவ்வளவு ஜனங்களும் வந்தது மன நிம்மதிக்காகத்தான். ஆனால் அதற்கு யாரும் புதுப் பெயர் வைக்கவில்லை. முன்பதிவுக் கட்டணமும் வாங்கவில்லை.

வில்லியனூரின் மற்றொரு பெருமை மண்ணில் இருக்கிறது. இவ்வூர்ச் சுடுமண் வேலைப்பாட்டுக்கு இந்திய சர்க்காரின் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. இக்கலையில் கைதேர்ந்த ஸ்ரீ வி. கே. முனுசாமி கிருஷ்ணபக்தருக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. களிமண்ணைப் பிசைந்து உருவம் வனையும்போது மனம் வேறெங்கும் ஓடாது என்பதை எந்தக் குயவரும் சொல்வார். வந்த பிரயாணியை அரை மணி நேரம் சக்கரத்தின் முன் உட்கார வைத்துக் காசு வாங்கலாம், தவறில்லை. அக்காசில் குயவருக்குச் சேர்வது எவ்வளவு, அழைத்து வந்த கம்பெனிக்குப் போவது எவ்வளவு என்பதைக் கேட்பதும் தவறில்லை. களிமண் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். ஏரியிலிருந்தும் குளத்திலிருந்தும் மண் எடுக்கும் வழக்கம் குயவருக்கு அற்றுப்போய், கரையோரம் விடுதி எழும்பிவிடுமாயின், குறியீடு இருக்கும், பாண்டம் இராது.

இனிப் பாகூர். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற இக்கம்யூனின் கீர்த்தி மிகப் பழமையானது. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்ம பல்லவனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள், இங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்டதைத் தெரிவிக்கின்றன. வாகூர் என்று அன்று வழங்கிய இவ்வூருக்கு வெளியூரார் வந்தது கல்வி தேடி. அவர்களைப் போஷித்தது மூன்று கிராமத்து நிலத்தின் விளைவு. ஊருக்கு வருகிறவரை ஊரின் நிலம் தாங்கும். அந்நிலத்தை வந்தவர் தின்று தீர்க்க மாட்டார் என்னும் ஏற்பாடு அது. மூலநாதர் ஆலயத்துக் கல்வெட்டுகளையும், 1752-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இவ்வூர் வெளியில் மோதிக்கொண்ட யுத்தத்தையும் பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றை இங்கு விரிக்கவில்லை. நாம் நின்று பேச விரும்புவது ஏரியைப் பற்றி.

பாகூர் ஏரி புதுச்சேரிப் பிரதேசத்தின் இரண்டாவது பெரிய ஏரி. தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் மூலம் இதற்கு நீர் வருகிறது. சிங்காரி, பங்காரி என்னும் இரு தாசிகள் தம் பொருளைச் செலவிட்டு வாய்க்கால் வெட்டுவித்தனர் என்பது ஐதிகம். நகரத்துக்கு முத்திரப்பாளையத்திலிருந்து நீர் வந்த கதையிலும் ஆயி என்னும் ஒரு தாசியே கதாநாயகி. அரசனின் கோபத்தால் தன் மாளிகையை இடித்து அவ்விடத்தில் குளம் வெட்டினாள் என்பார்கள். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் பெயரால் எழுந்த மண்டபமே இன்றைய புதுச்சேரி சர்க்காரின் முத்திரைச் சின்னம். ஆக, சர்க்கார் வெளியிடும் ஒவ்வொரு உத்தரவின் தலையிலும் நீர் தந்தவளின் ஞாபகச் சின்னம் அச்சாகிறது. உத்தரவில் கையெழுத்திடுவோர் அதனை நிமிர்ந்து பார்க்கிறார்களா என்பது வேறு விஷயம்.

பிரெஞ்சு ஆட்சியில் ஏரிகளைப் பராமரிக்கக் 'கேஸ் கொம்யூன்' என்றும் 'ஸாந்திகா அக்ரிகோல்' என்றும் பாசனக்காரர்களின் சங்கங்கள் இருந்தன. ஆயக்கட்டுதாரர்கள் தாங்களே வரி கொடுத்து, வாய்க்காலைத் தூர்வாரி, மதகைக் காத்தனர். பிற்காலத்தில் ஆழ்துளைக் கிணறுகளும் மின்சார மோட்டார்களும் பெருகவே, தன் நிலத்தில் தண்ணீர் வைத்திருப்பவனுக்கு ஏரியின் மீது அக்கறை குறைந்தது; சங்கங்கள் நலிந்தன; கரைகள் கவனிப்பாரற்றுப் போயின. நிலத்தடி நீர் கீழிறங்கியது. கடலோரக் கிராமங்களில் உப்பு நீர் உள்ளே புகுந்தது. 1999 முதல் ஐரோப்பிய யூனியனின் உதவியோடு நடந்த ஏரிப் புனரமைப்புத் திட்டத்தில் புதுச்சேரிப் பிரதேசத்தின் 84 ஏரிகளும் எடுத்துக் கொள்ளப்பட்டு, ஏரிதோறும் பாசனக்காரர் சங்கம் மறுபடியும் அமைக்கப்பட்டது. கோடிக் கணக்கில் பணம் செலவிட்டுப் பழைய சங்கத்தை மீண்டும் உண்டாக்கும்படி ஆயிற்று!

இவ்வளவு விவரமாக நாம் ஏரியைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஏரிக்கரையில் வந்து உட்காரும் பிரயாணி காணும் அமைதி, ஆகாயத்திலிருந்து விழுந்ததன்று. வாய்க்கால் வெட்டியவரும், தூர் வாரியவரும், மதகு திறந்தவரும், முழங்கால் சேற்றில் நின்று நாற்று நடும் பெண்களும் சேர்ந்து உண்டாக்கிய பொருள் அது. நீர் நின்றால்தான் பறவை வரும். பயிர் நின்றால்தான் பசுமை தெரியும். விவசாயம் நசித்து நிலம் மனையாகிவிட்ட கிராமத்தில் எவ்வளவு விலை உயர்ந்த பாயைப் போட்டு உட்கார்ந்தாலும் மனம் அடங்காது.

வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரியும் இதற்குச் சாட்சி. ஏறக்குறைய 800 ஹெக்டேர் விஸ்தீரணமுள்ள இவ்வேரியில் பாதி புதுச்சேரியையும் மற்றப் பாதி தமிழ்நாட்டையும் சேர்ந்தது. 2008-ல் புதுச்சேரி சர்க்கார் தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக்கியது. தமிழ்நாடு தன் பகுதியை 2015-ல் அவ்வாறே ஆக்கியது. பறவைகளுக்கு இரு சர்க்கார்களின் எல்லைக்கோடு தெரியாதாகையால் இடைப்பட்ட ஏழு ஆண்டுகள் அவை என்ன செய்தனவோ! பனிக்காலத்தில் தூர தேசங்களிலிருந்து வரும் புள்ளினங்கள் தங்குவது, அங்கே நீர் இருப்பதாலும் தொந்தரவு இல்லாததாலும்தான். அமைதியை நாடி வரும் மனிதருக்காக இயந்திரப் படகு விட்டால், அமைதியை நாடி வந்த பறவை போய்விடும். பின்னர் மனிதரும் வரமாட்டார்.

பாகூர் கம்யூனின் மற்றொரு காட்சியையும் மறைப்பதற்கில்லை. கடலூர் ரஸ்தாவில் எல்லையோரம் உள்ள கன்னியக்கோயிலில் வரிசையாக மதுக்கடைகள் நிற்கின்றன. வெளியூரார் வருகை எவ்விதத்திலேனும் கிராமத்துக்கு நன்மையே செய்யும் என்று வாதிப்பவர்கள் ஒரு சனிக்கிழமை மாலை அங்கே போய்ப் பார்க்கலாம். வருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை, சர்க்கார் கஜானாவுக்கு வருமானமும் குறைவில்லை. எல்லையோரத்துக் கூலிக்காரரின் குடும்பத்தில் அடுப்பு எரிந்ததா என்பதை எந்தக் கணக்கும் சொல்வதில்லை. மதுவுக்கு வருகிறவனும் மனவமைதிக்கு வருகிறவனும் ஒருவன்தான் என்று நாம் சொல்லவில்லை. அவ்விருவரையும் வரவேற்கும் முறை ஒன்றாக இருக்கக் கூடாது என்றே சொல்கிறோம். லைசென்ஸ் எங்கோ வழங்கப்படுகிறது; லாபம் எங்கோ போகிறது; குப்பையும் கூச்சலும் மட்டும் ஊருக்கு எஞ்சுகின்றன. கிராம உல்லாசப் பிரயாணமும் இதே வழியில் நடக்குமாயின், கன்னியக்கோயிலின் நிலைமை ஏரிக்கரைக்கும் வருவதற்கு அதிக காலம் பிடிக்காது.

வேறு வழி இல்லாமல் இல்லை. கேரளத்தில் வேம்பநாட்டு ஏரிக்கரையில் குமரகம் என்னும் ஊர் இருக்கிறது. பெரிய ஹோட்டல்கள் வந்தன. ஊராருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்னும் மனக்கசப்பும் வந்தது. 2007-08-ல் கேரள சர்க்கார் பொறுப்புள்ள பிரயாணம் என்னும் திட்டத்தை அங்கே சோதித்தபோது கிராமப் பஞ்சாயத்தையே காரியத்தின் நடுவில் வைத்தது. குடும்பஸ்ரீ மாதர் குழுக்கள் காய்கறி பயிரிட்டன. ஹோட்டல்கள் பேசி முடித்த விலையில் அவற்றை வாங்கிக் கொள்ள இணங்கின. தரிசாய்க் கிடந்த வயல்கள் மறுபடியும் உழப்பட்டன. பிரயாணி, கயிறு திரிப்பதையும் ஓலை முடைவதையும் வீட்டுத் திண்ணையிலேயே போய்ப் பார்த்தான். கூலி வீட்டுக்காரியின் கைக்கு வந்தது. குமரகத்தில் குறையே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் ஹோட்டல்காரனோடு உட்கார்ந்து விலை பேச, ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஒரு சபை அங்கே இருந்தது.

பாகூரிலும் வில்லியனூரிலும் அவ்வாறு பேசப் போகிறவர் யார்? நமது கட்டுரையின் மையம் இதுவே. பிரெஞ்சு இந்தியாவில் 1880-ல் கம்யூன்கள் ஏற்படுத்தப்பட்டபோது புதுச்சேரிப் பிரதேசத்தில் உண்டான முதல் நான்கில் வில்லியனூரும் பாகூரும் அடங்கும். அக்காலத்துத் தேர்தல்கள் யோக்கியமாக நடந்தன என்று எவரும் சொல்ல மாட்டார். தடியும் பணமும் வோட்டுப் பெட்டியை ஆண்ட கதைகள் அநேகம். ஆயினும் கம்யூனுக்கு ஒரு சபை உண்டு, மேயர் உண்டு என்பது ஜனங்களுக்குப் பழக்கமாயிற்று. 1954 அக்டோபர் 18-ந் தேதி, வில்லியனூர் கம்யூனைச் சேர்ந்த கீழூரில், பிரதிநிதி சபை அங்கத்தினர்களும் நகரசபை அங்கத்தினர்களும் கூடினார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டுமென்று வாக்களித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1-ல் ஆட்சி கை மாறியது. புதுச்சேரியின் விதியை முடிவு செய்தவர்கள் கம்யூன் பிரதிநிதிகளேயாவர் என்பதைக் கீழூர் ஞாபக மண்டபத்தில் மாலையிடும் தலைவர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

அந்தக் கம்யூன் சபைகளின் பிற்காலக் கதை என்ன? 1968-ல் ஒரு தேர்தல் நடந்தது. அதற்கு அடுத்த தேர்தல் 2006-ல், முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் நடந்தது. 1973-லேயே கிராம, கம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் செய்யப்பட்டிருந்தது. 1993-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்தியே தீர வேண்டுமென்று விதித்திருந்தது. இவ்வளவும் இருந்தும் அவ்வளவு தாமதம். 2006-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேர்தல் அறிவிக்கப்பட்டு, இடஒதுக்கீட்டு வழக்கில் சிக்கி நின்றது. பின் வந்த ஆண்டுகளும் அதிகாரிகளின் நிர்வாகத்திலேயே கழிந்தன. 10 கம்யூன் பஞ்சாயத்துகளும் அவற்றின் கிராமப் பஞ்சாயத்துகளும் சட்டப் புஸ்தகத்தில் இருக்க, ஒரு தலைமுறை வாலிபர்கள் தம் ஊர்த் தலைவரைத் தாமே தேர்ந்தெடுக்கும் பாக்கியத்தை அறியாமலே வளர்ந்திருக்கின்றனர். அன்னியனைப் போகச் சொல்லும் உரிமை பெற்றிருந்த கம்யூனுக்குத் தன் ஏரிக்கரையில் யார் விடுதி கட்டலாம் என்று சொல்லும் உரிமை இல்லை!

தேர்தல் நடந்தால் சகலமும் சரியாகிவிடுமா என்று சிலர் கேட்பர். பஞ்சாயத்திலும் லஞ்சம் உண்டு, ஜாதிக் கட்சி உண்டு என்பர். உண்டுதான். கோயில் வீதியில் குடியிருப்போரும் சேரியில் குடியிருப்போரும் ஒரே அமைதியை அனுபவிக்கிறார்கள் என்று நாம் பாசாங்கு செய்யவில்லை. வெளியூரார்க்குக் காட்டுவதற்கென்று நடுத்தெருவை மட்டும் வெள்ளையடித்துச் சேரியை மறைக்கும் திட்டம் எதுவும் பண்பாட்டுத் திட்டம் ஆகாது. ஆனால் தேர்ந்தெடுத்த சபையில் அடுத்த முறை வோட்டுக் கேட்க வர வேண்டிய பயமாவது இருக்கும்; ஒதுக்கப்பட்ட ஸ்தானத்தில் ஆதிதிராவிட அங்கத்தினரும் பெண் அங்கத்தினரும் உட்கார்ந்திருப்பார்கள். தனி அதிகாரியின் மேஜைக்கு முன் அவர்கள் மனுவோடு நிற்கவேண்டியிருக்கிறது. இவ்வித்தியாசம் அற்பமானதன்று.

ஆகவே, சர்க்கார் கிராமங்களில் மனவமைதிப் பிரயாணத்தை வளர்க்க விரும்பினால் முதலில் கம்யூன், கிராமப் பஞ்சாயத்துகளின் தேர்தலுக்குத் தேதி குறிக்கட்டும். விடுதிகளுக்கும் தியான நிலையங்களுக்கும் அனுமதி அளிக்கும் அதிகாரமும், பிரயாணிகளிடம் வசூலாகும் கட்டணத்தில் ஒரு பங்கும் அப்பஞ்சாயத்துகளுக்குச் சட்ட பூர்வமாகச் சேர வேண்டும். அப்பங்கு ஏரி பராமரிப்புக்கே செலவாக வேண்டும். நன்செய் நிலத்தை விலைக்கு வாங்கி விடுதி எழுப்புவதைத் தடுத்து, விவசாயி தன் வீட்டிலேயே இரண்டு விருந்தினரைத் தங்க வைப்பதற்கு வேண்டிய கடனும் பயிற்சியும் அளிக்கலாம். ஊசுட்டேரியில் பறவைகள் தங்கும் மாதங்களில் படகோ ஒலிபெருக்கியோ கூடாது. பாகூர் ஏரிக்கரையைப் பொறுத்தவரை பாசனக்காரர் சங்கத்தின் தீர்மானமின்றி ஒரு கல்லும் நடப்படலாகாது. தேர்தல் நடந்து புதிய சபைகள் கூடும் வரையில், இவ்விரு கம்யூன்களிலும் ஏரி, குளம், கோயில் நிலம் ஆகியவற்றின் மீது எந்த உல்லாசப் பிரயாணக் கம்பெனிக்கும் நீண்ட காலக் குத்தகை கொடுக்கக்கூடாது என்று வற்புறுத்துகிறோம்.